திங்கள்தோறும் வாசிக்கிற தாள்

திரேஸ்புரம்,
9 ஜூன் 2024.

மரியே வாழ்க.

அன்புள்ள மைனிக்கு ஈவா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? குஜராத் போய் ஒரு மாதம் ஆகிவிட்டது. சோறு கிடைக்கிறதா, இல்லை அந்த ஊர் ரொட்டியைத்தான் கடித்துக்கொண்டு கிடக்கிறீர்களா?

ஆறு தடவை போன் போட்டேன், மைனி. ஆறு தடவையும் மணி அடித்து ஓய்ந்தது. கோபமாக இருக்கிறீர்களோ என்று பயந்து ஏழாவது தடவை போடவில்லை. மெட்டில்டாதான் உங்கள் ஹாஸ்டல் விலாசத்தை எழுதிக்கொடுத்தாள். "அத்தை, அம்மாவுக்கு லெட்டர் போடுங்க, அதுதான் ஒழுங்கா கையில கிடைக்குமாம்" என்றாள். உங்கள் மகள் சாயர்புரம் காலேஜில் நன்றாக இருக்கிறாள். சனிக்கிழமை சாயங்காலம் வந்து, ஞாயிறு பூசை பார்த்துவிட்டு விடுதிக்குத் திரும்புகிறாள். அண்ணன் தோணி கரையில் கிடக்கிறது. செப்டம்பர் வரை மாலத்தீவு ஓட்டம் இல்லை என்று ரிப்பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கம்பெனியில் என்னை மூன்றாவது லைனுக்கு லீடராகப் போட்டுவிட்டார்கள். உங்கள் லைன். நான் கேட்கவில்லை, சத்தியமாகக் கேட்கவில்லை. ராஜபாண்டி சார் கூப்பிட்டு, "உங்க மேல ஒரு ரிமார்க் கூட இல்ல ஈவாஞ்சலின், இனி நீங்கதான்" என்று மஞ்சள் தொப்பியைக் கையில் கொடுத்துவிட்டார்.

முதல் நாளே தொண்டை கட்டிவிட்டது. ஒருத்தி இறால் தட்டைக் கீழே போட்டதற்கு எல்லார் முன்னாலும் கத்தினேன். அதற்குப் பிறகு இருபத்துநாலு பேரில் ஒருத்தி கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காதுபடவே "மரியக்கா இருந்தா இப்படிக் கத்துவாங்களா" என்கிறார்கள். பத்து வருஷம் உங்கள் பக்கத்தில் நின்று இறால் உரித்தேன். நீங்கள் லைனை எப்படி நடத்தினீர்கள் என்று மட்டும் கவனிக்காமலே இருந்திருக்கிறேன். தினமும் காலையிலிருந்து என்னென்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள், மைனி. எனக்கு வேறு யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை.

அந்தப் பிளாஸ்திரி விவகாரத்தை இப்போது இங்கே யாரும் பேசுவதில்லை. நானும் பேசுவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கையெழுத்துக்குக் காத்திருக்கும்,
ஈவாஞ்சலின்


வேராவல்,
23 ஜூன் 2024.

அன்பு ஈவாவுக்கு மைனி எழுதுவது. ஆண்டவர் தயவில் சுகம். முழங்காலும் இருக்கிறது, வலியும் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று விட்டுப் பிரிய மாட்டேன் என்கின்றன. உனக்குத் தொண்டை சரியாகிவிட்டதா? குசினியில் மிளகு டப்பா மேல் தட்டில் இருக்கிறது. இடித்துக் கஷாயம் போட்டுக் குடி.

போன் எடுக்காததற்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. இங்கே விடுதி கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்தான் கொடுப்பார்கள். அது மகளுக்கும் உன் அண்ணனுக்கும் பேசவே பத்தவில்லை. இங்கே நான் லீடர் இல்லை. கணவாய் தோல் உரிக்கிறேன். லீடர் ஒரு ஒடிசாக்காரப் பெண், நல்ல பிள்ளை, என் மகள் வயசு. அவள் சொல்வது எனக்குப் புரியாது, நான் சொல்வது அவளுக்குப் புரியாது. அதனால் சண்டையே இல்லை.

நீ லீடர் ஆனதற்கு வாழ்த்துச் சொல்வதா, ஐயோ பாவம் என்பதா என்று யோசித்தேன். இரண்டையும் வைத்துக்கொள்.

நான் படித்து ஒன்றும் செய்யவில்லை. முதல் வேனில் போவேன், அவ்வளவுதான். இரண்டாவது வேனில் வருகிறவர்கள் உள்ளே நுழையும்போது நீ கம்பூட்ஸ் மாட்டி ஈரத்தில் நிற்க வேண்டும். லீடர் வரட்டும் என்று அவர்கள் குளிரில் காத்து நிற்கிற நாள் வரக்கூடாது. பிறகு கை பார்க்கிறது. உள்ளங்கை, புறங்கை, நகம், வளையல் எல்லாம் எல்லா லீடரும் பார்ப்பதுதான். நான் அப்போதே முகத்தையும் பார்த்துவிடுவேன். ராத்திரி தூங்காதவள் யார், வீட்டில் அடி வாங்கி வந்தவள் யார் என்று அந்த அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும். அவளைக் கத்தி பிடிக்கிற இடத்தில் நிறுத்தாதே. ஆனால் யார் கையையும் கேட்பதற்கு முன்னால் உன் கையை நீட்டு. லைனில் எவள் கடைசியாகச் சேர்ந்தாளோ அவளிடம் நீட்டு. "ஏளா, பாரு" என்று சொல்.

காயத்தோடு வருகிறவளை வீட்டுக்குப் போ என்று சொல்லாதே. சொன்னால் அடுத்த தடவை மறைப்பாள். அட்டைப்பெட்டி ஒட்டுகிற அறைக்கு அனுப்பு. இந்த ஒரு காரியத்துக்காக ராஜபாண்டி சாரோடு ஒரு வருஷம் மல்லுக்கு நின்றிருக்கிறேன், விட்டுவிடாதே. திட்ட வேண்டியவளை ஐஸ் மெஷின் பக்கம் கூட்டிப்போ. அந்தச் சத்தத்தில் உங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் கேட்காது. பாராட்டுவதானால் நடு லைனில் நின்று கத்து. உனக்குத்தான் கத்த வருகிறதே.

இதெல்லாம் செய்தேன். செய்யாமல் விட்டதும் ஒன்று உண்டு. அதை எழுத இன்றைக்கு வரவில்லை.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
மைனி மரியசெல்வி


திரேஸ்புரம்,
14 ஜூலை 2024.

மரியே வாழ்க.

அன்புள்ள மைனிக்கு, உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். கஷாயம் குடித்தேன், தொண்டை திறந்துவிட்டது. முழங்காலுக்கு அண்ணன் ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறார், பார்சலில் அனுப்புகிறேன்.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். லைனில் கடைசியாகச் சேர்ந்தவள் சாத்தான்குளம் பக்கத்துச் சுடலைமாடத்தி. அவள் முன்னால் கையை நீட்டினேன். பிள்ளை இரண்டு எட்டு பின்னால் போய்விட்டாள். "அக்கா, உங்க கைய நான் எப்படிப் பாக்க?" என்று கூச்சம். "பாருளா" என்றேன். குனிந்து பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், பிறகு மெதுவாக, "அக்கா... மோதிரம்" என்றாள். ஐயோ மைனி, மோதிரத்தைக் கழற்ற மறந்துபோயிருக்கிறேன்! லைன் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு, "பதிவேட்டில என் பேருக்கு நேரா தப்பு போடு" என்று அவள் கையாலேயே போடச் சொன்னேன். அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுகிறார்கள்.

இன்னொன்றும் நடந்தது. ராஜபாண்டி சார் ஒரு தாள் தயார் பண்ணியிருக்கிறார். திங்கட்கிழமைதோறும் புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பு நடக்குமே, அதில் வாசிக்க வேண்டுமாம். "நீங்கதான் வாசிக்கணும், மூணாவது லைன்ல இருந்தவங்க சொன்னா மனசுல பதியும்" என்றார். தலைப்பு 'நல்ல லீடரின் அன்றாடப் பழக்கங்கள்'. பத்து வரி. மைனி, பத்தில் ஏழு நீங்கள் செய்ததுதான். அட்டைப்பெட்டி அறை உட்பட. அதற்குக் கீழே உங்கள் பெயர் இருக்கிறது. மறைக்காமல் அப்படியே எழுதிவிடுகிறேன்:

'தவறிய உதாரணம்: மூன்றாம் லைன் முன்னாள் லீடர் மரியசெல்வி. கடந்த ஜனவரியில் லைனில் நின்ற ஒருவர் கையில் காயம் இருந்தது. அவரைச் சோதிக்காமலே எல்லார் கையும் சரி என்று இவர் பதிவேட்டில் கையெழுத்திட்டார். காயத்தில் ஒட்டிய பிளாஸ்திரி கழன்று இறாலோடு உறைந்து வெளிநாட்டுக்குப் போனது. மார்ச்சில் புகார் வந்து மொத்தச் சரக்கும் திரும்பியது. லீடர் பணிநீக்கம் செய்யப்பட்டார்.'

வாசித்தேன். உங்கள் பெயர் வரும் இடத்தில் நிறுத்திவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தையும் வாசித்தேன். வேறு என்ன செய்ய, சொல்லுங்கள்.

மெட்டில்டா உங்களுக்கு முத்தம் சொன்னாள்.

அன்புடன்,
ஈவா


வேராவல்,
28 ஜூலை 2024.

அன்பு ஈவா,

சுகம், சுகம் அறிய ஆசை. தைலம் வந்தது. அறை முழுக்க நாற்றம், உடன் இருக்கிற மூன்று பேரும் மூக்கைப் பொத்துகிறார்கள். வலி குறைந்தது உண்மை.

மோதிரக் கதையைப் படித்துத் தனியாகச் சிரித்தேன். சுடலைமாடத்தியை விட்டுவிடாதே. மோதிரத்தைப் பார்த்ததும் வாயைத் திறந்தாளே, அவளை நாளைக்கு லீடராக்கலாம்.

தாளை வாசிக்கச் சொன்னால் வாசி. அதில் பொய் ஒன்றும் இல்லை. சோதிக்காமல் கையெழுத்துப் போட்டது நான்தான். மார்ச்சில் சார் எல்லாரையும் நிறுத்தி "யார் கையில காயம்?" என்று கேட்டபோது ஒருத்தரும் பேசவில்லை. "கை பார்த்தது நான், என் தப்பு" என்றேன். அது இன்றைக்கும் அப்படியேதான்.

பனிமய மாதா கோயிலில் கொடி ஏறியிருக்கும். எனக்கும் சேர்த்து ஒரு மெழுகுதிரி ஏற்று.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தத் தாளை வாசித்துவிட்டு வீட்டுக்கு வருகிறபோது உனக்கு என்ன தோன்றுகிறது? சும்மா எழுது. எனக்குப் படிக்க வேறு ஒன்றும் இல்லை இங்கே.

இப்படிக்கு,
மைனி


திரேஸ்புரம்,
15 செப்டம்பர் 2024.

மரியே வாழ்க.

அன்புள்ள மைனிக்கு, இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். திருவிழாக் கூட்டம், பிறகு ஒரு வாரம் காய்ச்சல், பிறகு கம்பெனியில் ஆர்டர் மேல் ஆர்டர். இப்போது சுகமாக இருக்கிறேன். நீங்களும் சுகம் என்று மெட்டில்டா சொன்னாள்.

திருவிழா நன்றாக நடந்தது. சப்பரம் வரும்போது நல்ல மழை, ஒருவரும் நகரவில்லை. உங்களுக்காக மெழுகுதிரி ஏற்றினேன், காற்றில் இரண்டு தடவை அணைந்தது, மூன்றாவது தடவை நின்றது. அண்ணன் தோணி போன வாரம் ஓட்டம் கிளம்பிவிட்டது. வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிப் போயிருக்கிறார்கள்.

லைன் நன்றாக ஓடுகிறது. சுடலைமாடத்தி போன வாரம் கையில் கீறலோடு வந்தாள். அவளாகவே வந்து காட்டினாள், மைனி! அட்டைப்பெட்டி அறைக்கு அனுப்பினேன். நாலு நாளில் ஆறிவிட்டது. ஆகஸ்ட் மாதத்துக்குச் சிறந்த லைன் என்று எங்கள் படத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார்கள். எனக்கு மாலை போட வந்தார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டேன். நீங்கள் நிற்கிற இடம் அது.

குசினி ஓடு இரண்டு மாற்றினோம். பக்கத்து வீட்டுக் கிருபை மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. டிசம்பர் லீவில் தோழிகளோடு கம்பெனிக்கு வேலைக்கு வரலாமா என்று மெட்டில்டா கேட்கிறாள். என்ன சொல்லட்டும்?

அன்புடன்,
ஈவா


வேராவல்,
6 அக்டோபர் 2024.

ஈவா,

சுகம். காய்ச்சல் விட்டது சந்தோஷம்.

நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். மழை இருக்கிறது, ஓடு இருக்கிறது, கிருபை மகள் கல்யாணம் இருக்கிறது. நான் கேட்டதற்கு அதில் ஒரு வரி இல்லை.

மெட்டில்டாவைக் கம்பெனிக்கு அனுப்பாதே. திங்கட்கிழமை வகுப்பில் அவள் உட்கார வேண்டாம்.

மைனி


திரேஸ்புரம்,
4 டிசம்பர் 2024.

மரியே வாழ்க.

மைனி, சுகமா என்று கேட்டு ஆரம்பிக்கத்தான் வேண்டும். ஆனால் இன்றைக்கு அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. இரண்டு மாதம் பதில் போடவில்லை. இதற்குள் நாலு கடிதம் எழுதி நாலையும் அடுப்பில் போட்டேன். இதையும் போடுவதற்கு முன்னால் தபாலில் சேர்த்துவிட வேண்டும்.

மெட்டில்டாவிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். நான் சொன்ன விதத்திலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது போலிருக்கிறது. என்னிடம் சொல்லாமல், தோழி ஒருத்தியோடு ஏஜெண்ட் மூலமாகப் பெயர் கொடுத்திருக்கிறாள். முந்தாநாள் திங்கட்கிழமை. பதினெட்டுப் பேர் தலை மூடி, முகம் மூடி உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு எல்லாரும் ஒன்றுபோலத்தான் தெரிந்தார்கள். பத்துப் பழக்கத்தையும் வாசித்தேன். 'தவறிய உதாரணம்' வந்தது. மைனி, இப்போதெல்லாம் அந்த இடத்தில் நான் நிறுத்துவதில்லை. பழகிவிட்டது. தண்ணீர் கூடக் குடிக்காமல் உங்கள் பெயரை வாசித்து முடித்தேன்.

இரண்டாவது பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது.

"மேடம், அன்னைக்கு கையில காயம் இருந்தது யாரு?"

குரலைக் கேட்டதும் தாளிலிருந்து நிமிர்ந்தேன். கண்ணைப் பார்த்தேன். உங்கள் கண்.

"தெரியாது" என்றேன்.

நம் பிள்ளையின் முகத்தைப் பார்த்து அதைச் சொன்னேன், மைனி.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் பையைக் கூட இறக்கவில்லை. "அத்தை, நீங்களும் அந்த லைன்லதான நின்னிய? உங்களுக்கு எப்படித் தெரியாமப் போச்சு?" என்றாள். அப்போதுதான் சொன்னேன். உங்களிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டியதை உங்கள் மகளிடம் முதலில் சொன்னேன்.

அது என் விரல், மைனி.

ஜனவரியில் அன்றைக்குக் காலையில் விளைமீன் அறுக்கும்போது அரிவாள்மனையில் இடது ஆள்காட்டி விரல் கிழிந்தது. அண்ணன் ஓட்டம் போயிருந்தார், நீங்கள் குளித்துக்கொண்டிருந்தீர்கள். தெருக்கடையில் வாங்கி வைத்திருந்த பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டேன். கம்பெனிப் பிளாஸ்திரி நீல நிறம், உள்ளே உலோக இழை இருக்கும், சோதிக்கிற மெஷினில் போனால் மணி அடிக்கும். இது தோல் நிறம், எதிலும் மாட்டாது. உங்களிடம் சொல்லலாம் என்று வேனில் வாயைத் திறந்தேன். நீங்கள் மூன்று பேர் லீவு, மூன்று பேர் லீவு என்று புலம்பிக்கொண்டே வந்தீர்கள். நானும் பெட்டி அறைக்குப் போனால் நாலு ஆகிவிடுமே என்று நினைத்தேன். உங்களுக்கு ஒத்தாசை செய்வதாகத்தான் நினைத்தேன். கையுறை மாட்டிக்கொண்டேன். உங்களுக்கு நாத்தனார் என்பதால் என் கையை நீங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை, அன்றைக்கும் பார்க்காமல் தாண்டிப் போனீர்கள். சாயங்காலம் கையுறையைக் கழற்றினால் அது கிழிந்திருந்தது, பிளாஸ்திரி இல்லை. தரையில் எங்காவது விழுந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மார்ச்சில் அந்தப் பிளாஸ்திரியின் போட்டோவைக் காட்டி யாருடையது என்று கேட்டார்கள். என் வாய் ஒட்டிக்கொண்டது. நீங்கள் "என் தப்பு" என்றதும், பாவி, எனக்கு மூச்சு வந்தது. அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. உங்களைப் பார்த்து அழ வேண்டிய நேரத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது.

மெட்டில்டா ஒரு வாய் சாப்பிடாமல் கடைசி பஸ்ஸில் விடுதிக்குப் போய்விட்டாள். "இனி இங்க வர மாட்டேன்" என்றாள். போன் எடுக்கவில்லை.

நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை இல்லை.

ஈவாஞ்சலின்


வேராவல்,
15 டிசம்பர் 2024.

ஈவா,

உடம்பை வருத்திக்கொள்ளாதே, வேளைக்குச் சாப்பிடு. இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

எனக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும்.

குளித்துவிட்டுக் குசினிக்கு வந்தேன். அரிவாள்மனைக்குப் பக்கத்தில் பிளாஸ்திரி உரித்த வெள்ளைத் தாள் கிடந்தது, இரண்டு துண்டு. தரையில் ரத்தச் சொட்டு. துடைத்துப் பெருக்கி அள்ளியது நான்தான். வேனில் நீ இடது கையைப் பைக்கு அடியில் வைத்துக்கொண்டு வந்தாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சாயங்காலத்துக்குள் கண்டெய்னருக்கு சீல் வைக்க வேண்டும். மூன்று பேர் இல்லை. உன் கையைப் பார்த்தால் உன்னை அனுப்ப வேண்டும். பார்க்காவிட்டால் அனுப்ப வேண்டாம். அவ்வளவுதான் அன்றைக்கு என் கணக்கு. மற்ற நாளெல்லாம் உன் கையைப் பார்க்காமல் விட்டது மரியாதை. நாத்தனார் பரிமாறிய சோற்றைத் தின்றுவிட்டு வந்து, ஊரார் பார்க்க உன் கையைத் திருப்பு என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. அன்றைக்கு விட்டது மரியாதை இல்லை, சௌகரியம். நான் செய்யாமல் விட்டது ஒன்று உண்டு என்று ஜூனில் எழுதினேனே, அது இதுதான்.

அதனால் நான் "என் தப்பு" என்று சொன்னதைப் பெரிய தியாகம் என்று நினைத்து அழாதே. நான் சொன்னதிலும் பாதிதான் உண்மை. கவனிக்கவில்லை என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள், நானும் திருத்தவில்லை. கவனித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன் என்று சொல்ல எனக்கும் தைரியம் இல்லை.

ஆனால் கோபம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். நீ ஒரு நாள் வந்து "மைனி, அது நான்தான்" என்று சொல்வாய் என்று ஏப்ரல் முழுக்கப் பார்த்தேன். ரயில் ஏற்றிவிட வந்தாயே, புளியோதரைப் பொட்டலம் கொடுத்தாயே, அப்போதாவது சொல்வாய் என்று பார்த்தேன். நீ ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலைத் திணித்தாய். பிறகு என் பெயரை வாரா வாரம் வாசித்தாய். பழகிவிட்டது என்று எழுதியிருக்கிறாய் பார், அந்த இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

என்ன செய்ய வேண்டும் என்று நீ கேட்கவில்லை. நானும் சொல்லப்போவதில்லை.

மரியசெல்வி


திரேஸ்புரம்,
7 ஜனவரி 2025.

மரியே வாழ்க.

அன்புள்ள மைனிக்கு, சுகம். வேளைக்குச் சாப்பிடுகிறேன். உங்கள் முழங்காலுக்கு மறுபடியும் தைலம் அனுப்பியிருக்கிறேன், மூக்கைப் பொத்துகிறவர்கள் பொத்தட்டும்.

நேற்று திங்கட்கிழமை. பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். சார் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். பத்துப் பழக்கத்தையும் வாசித்தேன். உங்கள் பெயர் வந்ததும் தாளை மேசையில் வைத்துவிட்டேன். "இதுல காயம் பட்ட ஒருத்தர்னு எழுதியிருக்கு. அது நான். மறைச்சது நான். கேட்டப்ப வாயத் திறக்காம நின்னதும் நான்" என்றேன். கையை நீட்டித் தழும்பைக் காட்டினேன். காட்ட வேண்டும் என்று நினைக்கவில்லை, கை தானாகப் போய்விட்டது.

சார் அறைக்குக் கூப்பிட்டார். கத்தவில்லை. "ஒரு வருஷமா எப்படிம்மா தூங்குனீங்க?" என்று மட்டும் கேட்டார். மஞ்சள் தொப்பியை வாங்கிக்கொண்டார். நாளைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து விசாரிப்பார்கள். வேலையே போய்விடும் என்றுதான் நினைக்கிறேன். சுடலைமாடத்தி கேட் வரைக்கும் கூட வந்தாள். தாளைத் திருத்தி என் பெயரைப் போட்டு அடுத்த திங்கள் அவளைத்தான் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்களாம். "என்னால முடியாதுக்கா" என்று அழுதாள். "தண்ணி குடிக்காம, நிறுத்தித் தெளிவா வாசி" என்றேன்.

முக்கியமானது இனிமேல்தான். சார் உங்களை மறுபடி லீடராகக் கூப்பிடப் போகிறார். கடிதம் இந்த வாரமே வரும். மைனி, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். குசினியில் கிடந்த பிளாஸ்திரித் தாளைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. மெட்டில்டாவிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நீங்களும் சொல்லாதீர்கள். எல்லாம் என்னோடு போகட்டும். பேசாமல் வந்துவிடுங்கள். உங்கள் வீட்டுக்கு வாருங்கள், உங்கள் பிள்ளையிடம் வாருங்கள்.

அவள் இன்னும் என்னோடு பேசவில்லை. கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை, தோழி வீட்டுக்குப் போய்விட்டாள்.

உங்கள்,
ஈவா


வேராவல்,
26 ஜனவரி 2025.

அன்பு ஈவாவுக்கு மைனி எழுதுவது.

சுகம். தைலம் வந்தது. உன் வேலை போய்விட்டது என்று உன் அண்ணன் தோணியிலிருந்து இறங்கியதும் போனில் சொன்னார். வீட்டில் முடங்கிக் கிடக்காதே. குளித்து, தலை வாரி, கோயிலுக்காவது போய் வா.

ராஜபாண்டி சார் கடிதம் பதினெட்டாம் தேதி வந்தது. 'தங்கள் மீது தவறாக விழுந்த பழிக்கு வருந்துகிறோம், பிப்ரவரி முதல் மீண்டும் பொறுப்பேற்க வேண்டுகிறோம்' என்று அழகாக டைப் அடித்திருந்தார்கள். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கத் திரேஸ்புரத்தில் இருந்தேன். நம் வீட்டுப் படி ஏறினேன், மகளுக்கு மீன் பொரித்துக் கொடுத்தேன், எல்லாம் படுத்த இடத்திலேயே. நீ சொன்னபடி பேசாமல் வந்துவிடத்தான் நினைத்தேன், ஈவா. மனசறிய நினைத்தேன்.

மறுநாள் பதில் எழுதிவிட்டேன். காயம் இருப்பது தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன், பழி தவறாக விழவில்லை, அதற்குப் பிறகும் கூப்பிடுவதானால் வருகிறேன் என்று. இருபத்துநாலு பெண்களைக் கை நீட்டு என்று சொல்ல வேண்டுமே, நான். கூப்பிட மாட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. பதில் இன்னும் இல்லை.

அன்றைக்கே, ஞாயிற்றுக்கிழமை, மெட்டில்டாவிடமும் சொன்னேன். போன் லைன் அறுந்துவிட்டதோ என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். பிறகு கேட்டாள், "இத அத்தை ஏம்மா எங்கிட்டச் சொல்லல? நான் அவ்வளவு பேசினப்ப, உங்க அம்மைக்கும் தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"அப்ப அவளுக்கே தெரியாது. தெரிஞ்ச பிறகும் சொல்லல. உனக்கு அம்மையாவது மிஞ்சட்டும்னு நினைச்சிருப்பா" என்றேன்.

"இப்ப ரெண்டு பேருமே மிஞ்சலையேம்மா" என்றாள்.

நேரம் முடிந்தது என்று கேட்காரன் போனை வாங்கிக்கொண்டான். ஒரு வாரம் அந்த வார்த்தையோடுதான் கணவாய் உரித்தேன்.

இன்றைக்குப் போன் கையில் கிடைத்ததும் அவள்தான் கூப்பிட்டாள். பஸ் சத்தம் கேட்டது. "அத்தை வீட்டுக்குத்தான் போய்க்கிட்டிருக்கேன். போய் என்ன பேசன்னு தெரியல" என்றாள். "ஒண்ணும் பேச வேண்டாம், போ" என்றேன். "நீங்க எப்ப வாரிய?" என்றாள். "கூப்பிட்டாலும் கூப்பிடாட்டாலும் அடுத்த மாசக் கடைசியில வாரேன்" என்று சொல்லிவிட்டேன். டிக்கெட் போட்டாயிற்று.

இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கும்போது அவள் வந்துபோயிருப்பாள். வாசலில் நின்றாளா, உள்ளே வந்தாளா, நீ என்ன சொன்னாய், அவள் என்ன சொன்னாள், அழுதாளா, திட்டினாளா, எழுது. எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்து ஒன்றையும் விட்டுவிடாமல் எழுது.

உன் மைனி,
மரியசெல்வி